படகில் இடது, வலது என்று சொன்னால் போதாதா?

ஏப்ரல் 9, 2023

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாலுமிப் பயிற்சி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். படகின் பாகங்கள் என்று இரண்டு பக்கம் முழுக்கப் பெயர்கள். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது என்று சொன்னால் யாருக்குப் புரியாமல் போகும்? இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன பந்தா என்றுதான் தோன்றுகிறது."

போதாது.

துடுப்பு வலிக்கிறவர் படகின் முன்பக்கத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். சுக்கான் பிடிக்கிறவர் முன்னால் பார்த்து நிற்பார். வலை வாங்குகிறவர் பக்கவாட்டில் தண்ணீரைப் பார்த்துக் குனிந்திருப்பார். இந்த நிலையில் ஒருவர் "இடது பக்கம் பாறை" என்று கத்தினால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். யாருடைய இடது என்று கேட்டுக்கொண்டிருக்க அங்கே நேரம் இருக்காது.

அதனால் பெயரை ஆளோடு ஒட்டாமல் படகோடு ஒட்டிவிட்டார்கள். முன்முனை அணியம், பின்முனை அமரம். அமரத்தில் நின்று அணியத்தைப் பார்த்தால் இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். நீ எப்படித் திரும்பி நின்றாலும், படகே பின்னோக்கி ஓடினாலும், போர்ட் போர்ட்தான். இந்த நான்கும் பிடிபட்டால் பாதி முடிந்தது தம்பி. மீதியை மனப்பாடம் செய்யாதே. எந்தப் பாகம் எந்தச் சுமையைத் தாங்குகிறது என்று பார்த்துப் படி. நான் ஃபைபர் படகு பழுது பார்க்கிறவன். எனக்குப் பாகங்கள் பழக்கமானது அவை உடைந்து வந்த விதத்தில்தான்.

ஏப்ரல் 10, 2023

"அப்போ நம்ம ஊர் மீனவர்கள் எல்லாரும் போர்ட், ஸ்டார்போர்ட் என்றா பேசிக்கொள்கிறார்கள்?" என்று ஒரு கிண்டல் வந்திருக்கிறது.

இல்லை. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கரைப் பக்கம், கடல் பக்கம் என்பார்கள். காற்றை வைத்தும் சொல்வார்கள், வாடைப் பக்கம் (வடக்குக் காற்று), கச்சான் பக்கம் (மேற்குக் காற்று) என்று. இதுவும் ஆளோடு ஒட்டாத பேச்சுதான் என்பதைக் கவனி. கரை எங்கே என்பதில் படகில் இருக்கும் யாருக்கும் சந்தேகம் வராது. கரை மறைந்த பிறகும் காற்று எங்கிருந்து வருகிறது, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உடம்புக்கே தெரியும்.

ஒரே ஒரு தொல்லை. படகு திரும்பினால் கரைப் பக்கமும் மாறிவிடும். "கரைப் பக்கத்துப் பலகையில் விரிசல் விட்டிருக்கிறது, வந்து பாருங்கள்" என்று எனக்கு போன் வரும். போகும்போது பார்த்த கரைப் பக்கமா, வரும்போது பார்த்த கரைப் பக்கமா? கேட்டால் அவருக்கே குழம்பும். ஓடும்போது திசை சொல்வதற்கு நம் முறையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. படகின் உடம்பில் இன்ன இடம் என்று காட்டுவதற்கு அது உதவாது. இரண்டும் வெவ்வேறு வேலை.

ஏப்ரல் 10, இரவு

பக்கங்களுக்கு நிலையான பெயர் இருப்பதன் முழுப் பயன் இருட்டில்தான் தெரியும். போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை, அமரத்தில் வெள்ளை. 1972-இல் உருவான சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இதற்குக் கோணக்கணக்கே இருக்கிறது. சிவப்பும் பச்சையும் நேர் முன்னாலிருந்து தத்தம் பக்கத்தில் 112.5 பாகை வரை தெரிய வேண்டும். பின்வெள்ளை 135 பாகை. மூன்றையும் கூட்டிப் பார், 360 வரும். அதாவது எந்தக் கோணத்தில் இருந்து பார்த்தாலும் ஏதாவது ஒன்று தெரியும், எது தெரிகிறது என்பதை வைத்தே அந்தப் படகு எப்படி நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

வெள்ளை மட்டும் தெரிந்தால் நீ அதன் பின்னால் இருக்கிறாய், முந்தப் போகிறாய் என்றால் விலக வேண்டியது நீதான். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேருக்கு நேர் வருகிறது, இரண்டு பேருமே ஸ்டார்போர்ட் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு இயந்திரப் படகுகள் குறுக்கே வந்தால், மற்றதைத் தன் ஸ்டார்போர்ட் பக்கத்தில் பார்க்கிற படகு வழிவிட வேண்டும். அப்போது அதன் கண்ணுக்குப் படுவது எதிராளியின் சிவப்பு. குறுக்கே போகிறவனிடம் சிவப்பைப் பார்த்தால் நீ ஒதுங்கு, இவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு எங்கள் கரைக்கு வந்து பார்த்தால் சிரிப்பாக இருக்கும். பல படகுகளில் கோயில் கொடைக்குத் தொங்கவிடும் சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருக்கிறது, சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் ஒன்றாக. சரக்குக் கப்பலின் மேல்தட்டில் இருந்து பார்க்கிறவனுக்கு இது போகிறதா வருகிறதா என்று ஒன்றும் தெரியாது. ஏதோ இருக்கிறது என்று தெரிகிறதே, அதுவரைக்கும் நல்லது.

ஏப்ரல் 13, 2023

"படகின் உடம்பு" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். மரத்தோணியில் இருந்து தொடங்குகிறேன். ஃபைபரில் எல்லாம் மூடிக் கிடக்கும், மரத்தில் எலும்பு தெரியும்.

முதலில் அடியில் நீளமாகக் கிடத்துவது ஏரா. தேர்வுக்குக் கீல் என்று எழுது. மொத்தப் படகும் இதன் மேல்தான் எழும்புகிறது. ஏராவின் முன்முனையில் மேல்நோக்கி வளைந்து ஏறும் மரம் அணியத்தைத் தாங்கும், பின்முனையில் நிற்கும் மரம் அமரத்தையும் சுக்கானையும் தாங்கும். ஏராவிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து கிளம்புபவை வங்குகள். வங்குகளின் மேல் பலகை ஏறும்.

வங்குக்கு மரம் எடுக்கிற விதம் பார்க்க வேண்டியது. வேம்பு, வாகை, கருவேல் மரங்களில் இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேடி எடுப்பார்கள். மேஸ்திரி கையில் ஒரு வளைவு அச்சை வைத்துக்கொண்டு மரக்குவியலைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒவ்வொரு கிளையிலும் அச்சை வைத்துப் பார்த்து, பேசாமல் அடுத்ததற்குப் போவார். நேரான கட்டையில் வளைவாக அறுத்து எடுத்தால் என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல், அப்படி அறுத்த ஒரு துண்டை எடுத்துக் காலில் வைத்து மிதித்துக் காட்டினார். நார் குறுக்கே அறுபட்ட இடத்தில் படக்கென்று விட்டுப்போனது. வளர்ந்தபடியே வளைந்த கிளையில் நார் வளைவோடு கூடவே ஓடும்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் இடுக்கை அடைப்பது கலப்பற்று. பஞ்சைத் திரியாக முறுக்கி, தட்டையான உளியால் இடுக்குக்குள் அடித்து இறக்குவார்கள். குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி மேலே பூசுவார்கள். அதன் பிறகும் தண்ணீரில் இறக்கிய முதல் சில நாள் கசியும். மரம் தண்ணீர் குடித்து ஊதினால்தான் இடுக்கு முழுக்க மூடும். கரையில் மாசக்கணக்கில் வெயிலில் கிடந்த மரப்படகை வாங்கி, இறக்கின அன்றே கசிகிறது என்று விற்றவரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

ஏப்ரல் 13, மாலை

ராமேஸ்வரத்து அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எல்லாப் படகுக்கும் ஏரா, வங்கு என்று பொதுவாகச் சொல்லாதே. கட்டுமரத்தில் இரண்டும் கிடையாது." சரிதான், நான் தோணி என்று சொல்லித்தான் தொடங்கினேன். இருந்தாலும் அவர் கிளப்பியது நல்ல விஷயம்.

கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. லேசான மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டியது. நடுமரம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும், பக்கமரங்கள் உயர்ந்து நிற்கும். அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே தானாக வடிந்துவிடும், இறைக்கிற வேலையே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காய வைப்பார்கள். ஊறின மரம் கனக்கும், கனத்தால் மிதப்பு குறையும்.

அப்புறம் மசூலாப் படகு. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலில் வந்த ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது அதுதான். பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி இல்லை, வங்கு இல்லை. அலை தூக்கி மணலில் அறையும்போது உடம்பு நெளிந்து கொடுக்கும். இரும்பாணி அடித்து, வங்கு வைத்து விறைப்பாகக் கட்டிய ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் தாக்குப்பிடிக்கவில்லை. ஆகவே படகு என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எந்த அடி விழப்போகிறதோ அதற்குத் தக்க உடம்பு.

முன்பின் இரண்டும் ஒரே மாதிரிக் கூர்மையாக இருக்குமே, அதில் எது அணியம் என்று ஒருவர் கேட்கிறார். நீளத்துடுப்பை வைத்துத் திசை திருப்புகிறவர் நிற்கிற முனை அமரம். மற்றது அணியம்.

ஏப்ரல் 18, 2023

தடைக்காலம் தொடங்கியாயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அதனால் எல்லாரும் இப்போதுதான் பழுது பார்க்கக் கரையேற்றுகிறார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, ஆனால் பக்கத்துப் படகில் வேலை நடந்தால் அவர்களுக்கும் வேலை செய்யத் தோன்றும். பதில் தாமதமாக வரும்.

டிரான்சம் பற்றிக் கேட்ட தம்பிக்கு. அமரத்தில் படகை அடைத்து நிற்கும் நிமிர்ந்த சுவர்தான் டிரான்சம். வெளிப்பொருத்து எஞ்சின் அதில்தான் தொங்குகிறது. ஃபைபர் படகில் அதிக அடி வாங்கும் பாகம் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

எஞ்சின் கனம் மட்டும் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். கனம் சின்ன விஷயம். விசிறி தண்ணீருக்குள் ஆழத்தில் இருந்துகொண்டு படகை முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் எஞ்சின் பிடிப்பு வழியாகத்தான் டிரான்சத்துக்கு வருகிறது. பிடிப்பின் கீழ்ப்பகுதி சுவரை முன்னால் அழுத்தும், மேலே இறுக்கியிருக்கும் திருகு சுவரின் உச்சியைப் பின்னால் இழுக்கும். ஓடுகிற நேரமெல்லாம் இந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் விரிசல் எப்போதும் மேல்மூலையில் ஆரம்பிக்கிறது. டிரான்சத்திலிருந்து உள்ளே சாய்வாக இறங்கும் முட்டுகளை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று இப்போது தெரியும். இடம் அடைக்கிறது, ஐஸ் பெட்டி வைக்க முடியவில்லை என்று சிலர் அதை அறுத்து எறிகிறார்கள். அப்புறம் என்னிடம் வருகிறார்கள்.

சுவருக்குள்ளே பிளைவுட் இருக்கும், இரண்டு பக்கமும் ஃபைபர் தோல் போர்த்தியிருக்கும். எஞ்சின் போல்ட்டுக்குத் துளை போடும்போது அந்த பிளைவுட் வெளியே திறந்துவிடுகிறது. துளை ஓரத்தை அடைக்காமல் போல்ட்டை மாட்டினால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இல்லை. பார்வைக்கு மேல்தோல் பளபளவென்று இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போ. நல்ல இடத்தில் கணீரென்று திரும்பும். அழுகின இடத்தில் பொத்தென்று அடங்கிவிடும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொள். சந்தேகம் இருந்தால் உள்பக்கமாகச் சின்னத் துளை போட்டுப் பார். நல்ல பிளைவுட் என்றால் வெளிர்நிறத் தூள் வரும். கெட்டது என்றால் கறுப்பாக, ஈரமாக, துளை போடும் பர்மாவின் முனையில் அப்பிக்கொண்டு வரும், புளித்த மாவு வாடை அடிக்கும். போன வருடம் ஒரு படகில் துளை போட்டதும் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் சொட்டிக்கொண்டிருந்தது. படகுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுனாமிக்குப் பிறகு வந்த படகு அது. அவசரத்தில் கட்டித் தள்ளின காலம். யார் கட்டியது என்பது இங்கே வேண்டாம்.

வேலை இதுதான்: உள்தோலை அறுத்து எடுத்து, அழுகினதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டை ரெசின் என்ற பிசினைத் தடவிப் பதித்து, மேலே மேட் என்ற கண்ணாடி நார் விரிப்பைப் போட்டு மூட வேண்டும். போல்ட் துளையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, அதை முழுக்க ரெசினால் அடைத்து, இறுகிய பிறகு அந்த ரெசினுக்கு நடுவே சரியான அளவில் மறுபடி துளை போட வேண்டும். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. இந்தக் கடைசி வேலையைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை.

ஏப்ரல் 19, 2023

டிரான்சம் உயரமும் கேட்டிருந்தீர்கள். எஞ்சின் தண்டு குட்டை என்றால் 15 அங்குலம், நீளம் என்றால் 20 அங்குலம். சுவர் அதற்குத் தக்க உயரம் இருக்க வேண்டும். விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயோ நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும், எஞ்சின் அலறும், படகு நகராது. ரொம்பக் கீழே போனால் டீசலையோ மண்ணெண்ணெயையோ கடலுக்கு ஊற்றுகிறாய் என்று வைத்துக்கொள்.

ஏப்ரல் 23, 2023

சுக்கானை எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் போகும் என்று இங்கே நடக்கும் விவாதம் கொஞ்சம் சூடாகிவிட்டது போல. சுக்கான் என்பது தண்ணீரில் நிற்கும் பலகை. அதைத் திருப்பக் கையில் பிடிக்கும் தடி டில்லர். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் சண்டை வரத்தான் செய்யும்.

டில்லரை இடது பக்கம் தள்ளினால் சுக்கான் பலகை வலது பக்கம் திரும்பும், அணியமும் வலது பக்கம் போகும். வெளிப்பொருத்து எஞ்சினின் கைப்பிடியும் அப்படித்தான். பைக் ஓட்டிப் பழகின பையன்கள் முதல் நாள் நேரே பக்கத்துப் படகில் கொண்டுபோய் முட்டுவது இதனால்தான்.

பெரிய கப்பலில் சக்கரம் வந்த பிறகும் நெடுங்காலம் கட்டளை டில்லர் கணக்கில்தான் இருந்தது. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கில் பனிப்பாறையைப் பார்த்ததும் கொடுத்த கட்டளை "ஹார்ட் அ ஸ்டார்போர்ட்". கப்பல் திரும்பியது போர்ட் பக்கம். யாரும் தப்பாகத் திருப்பவில்லை. டில்லரை ஸ்டார்போர்ட் பக்கம் தள்ளு என்பதுதான் அன்று அந்தக் கட்டளைக்குப் பொருள். 1930-களில்தான் கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதையே சொல்வது என்று உலகம் முழுக்க மாற்றினார்கள். பந்தா என்று சொன்ன தம்பி இதைக் கவனிக்கட்டும். பெயரும் கட்டளையும் ஒழுங்காக இல்லாத இடத்தில் அதை மாற்றவும் செய்திருக்கிறார்கள். லார்போர்ட் என்பதுதான் இடப் பக்கத்தின் பழைய பெயர். ஸ்டார்போர்டும் லார்போர்டும் காற்றில் ஒரே மாதிரிக் கேட்கிறது என்று 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை போர்ட் என்று மாற்றியது.

ஏப்ரல் 23, சற்றுப் பிறகு

ஸ்டார்போர்டுக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சுக்கான் துடுப்பை வலப் பக்கம் கட்டியிருந்த காலத்துப் பெயர். துடுப்பு நசுங்காமல் இருக்க மறுபக்கத்தைத் துறையில் அணைத்தார்கள், அது போர்ட். சுக்கானை அமரத்தின் நடுவில் மாட்டுவது வட ஐரோப்பாவுக்கு 12-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்தது. சீனத்தில் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, குவாங்சோ கல்லறை ஒன்றில் கிடைத்த மண்படகு பொம்மையில் நடுச்சுக்கான் இருக்கிறது.

ஏப்ரல் 30, 2023

பாய் பற்றி எழுதச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது தாத்தாவிடம் கேட்டது மட்டும்தான். அவர் கொழும்பு ஓட்டத்தில் தோணித் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக, இருந்தவர். நான் பார்த்த தோணிகள் எல்லாம் எஞ்சின் வைத்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போனவை, பாய் பேருக்கு இருந்தது.

பாயைத் தாங்கி நிமிர்ந்து நிற்பது பாய்மரம். பாயின் மேல்விளிம்பைக் கட்டியிருக்கும் நீளக் கழி பருமல். பருமலை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். ஏற்றின பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடித்துக் காற்றுக்குத் தக்கபடி விட்டுக்கொடுக்கும் கயிறு தாமான். தேர்வில் தாமானுக்கு ஷீட் என்று எழுத வேண்டும். ஷீட் என்றதும் பாய்த்துணி என்று எழுதிவிடாதே தம்பி, கயிறு. அதில்தான் மாட்டுகிறார்கள்.

நாலு பெயரில் எது முக்கியம் என்று தாத்தாவைக் கேட்டால் தாமான் என்பார். திடீர்க் காற்று அடித்தால் ஆஞ்சானை அவிழ்த்துப் பருமலை இறக்க நேரம் இருக்காது. தாமானை விட்டுவிட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றை உதறிவிடும், தோணி நிமிர்ந்துவிடும். அதனால் தாமானை அவிழ்க்க முடியாத முடிச்சுப் போட்டுக் கட்டின பையனுக்கு அன்று சோறு கிடையாது. இதை அவர் சிரிக்காமல்தான் சொல்வார்.

"நம் ஆட்கள் பெரிய பாய்க்கப்பல் எதுவும் கட்டினதில்லையா?" வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டிய அன்னபூரணி இருக்கிறதே. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றி, வல்வெட்டித்துறை ஆட்களே ஓட்டிக்கொண்டு போய் 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

மே 7, 2023

மேல்விளிம்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே தெரியும் உயரத்துக்கு ஏன் இத்தனை முக்கியம் என்று ஒரு கேள்வி. அந்த உயரம் தீர்ந்துபோனால் படகு தீர்ந்தது, அதனால்தான். தேர்வில் அந்த உயரத்துக்கு ஃப்ரீபோர்ட் என்று எழுது.

பெரிய கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும் குறுக்கே கோடும் பார்த்திருப்பாய். பிளிம்சால் கோடு. சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடி 1876-இல் சட்டமாக்கினார். அதற்கு முன் முதலாளிகள் பழைய கப்பலில் அளவுக்கு மீறி ஏற்றி, நல்ல தொகைக்கு இன்சூரன்ஸ் எடுத்து அனுப்புவார்கள். மூழ்கினால் மாலுமிக்குத்தான் நஷ்டம். அந்தச் சட்டத்திலும் ஒரு வேடிக்கை, கோடு போட வேண்டும் என்றார்களே தவிர எங்கே போட வேண்டும் என்று சொல்லவில்லை. முதலாளியே இஷ்டப்பட்ட இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அது சரியாக இன்னும் பல வருடம் ஆனது.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஏணிப்படி மாதிரி ஆறு கோடு இருக்கும். மேலே இருப்பது வெப்பமண்டல நன்னீர், எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது வட அட்லாண்டிக் குளிர்காலம். நன்னீர் கடல்நீரைவிட லேசு, அதே சரக்கோடு ஆற்றுக்குள் நுழைந்த கப்பல் கொஞ்சம் கூடவே அமுங்கும். கொல்கத்தாவுக்கு ஹூக்ளி வழியாகப் போகிற கப்பலுக்கு இந்தக் கணக்கு தினப்படி.

நம் ஃபைபர் படகுக்குக் கோடு கிடையாது. மீன் அதிகம் பட்ட நாளில் யாருக்கும் விட்டுவிட்டு வர மனசு வராது. அப்படி வந்த படகு ஒன்றில் அமரத்து மேல்விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. கரைக்கு முன்னால் அலை உடையும் இடத்தில் அமரப் பக்கமாகத்தான் தண்ணீர் ஏறும், எஞ்சின் அங்கேதான் இருக்கிறது, ஆளும் அங்கேதான் நிற்பார், டீசல் கேனும் அங்கேதான். கனத்தை முன்னால் நகர்த்து என்றால், அணியம் அமுங்கினால் அலையில் குத்தும் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆகவே நடுவில் வை. நடுவில் வலை கிடக்கிறது. சரி, வலையை... இந்தப் பேச்சு கரையில் முடிந்ததே இல்லை.

மே 15, 2023

முதல் பதிலில் நான்கு பெயர் தெரிந்தால் பாதி முடிந்தது என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். இப்போது எழுதினால் ஐந்தாவதாக நடுப்பகுதியையும் சேர்ப்பேன். படகு அலையின் உச்சியில் நிற்கும்போது இரண்டு முனையும் தொங்கும், நடு மேலே வளையும். அடுத்த நொடி இரண்டு அலைக்கு நடுவே பாலம் போட்ட மாதிரி நின்றால் நடு கீழே தொய்யும். மாறி மாறி இந்த வளைவைத் தாங்குவதுதான் ஏராவின் முதல் வேலை. ஃபைபர் படகில் ஏரா வெறும் மடிப்பாகத்தான் இருக்கும், உள்ளே நீளவாட்டில் ஓடும் தண்டுகள் அந்த வேலையைப் பார்க்கும். கரையில் டிராக்டர் வைத்து மணலில் இழுக்க இழுக்க அந்த மடிப்பின் அடி தேய்ந்து, கண்ணாடி நார் பல்லிளிக்கும். கடலில் உடைவதைவிட மணலில் தேய்வது அதிகம் என்பது என் கணிப்பு. வருடம் ஒரு தடவை படகைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்க்கிறவர்கள் எங்கள் கரையில் மிகக் குறைவு.

தேர்வு எழுதுகிற தம்பிக்கு இன்னொன்று. "தமிழ்ப் பெயரைப் படிப்பதா, ஆங்கிலப் பெயரைப் படிப்பதா" என்று இங்கே பெரிய பஞ்சாயத்தே நடந்துவிட்டது. கப்பலில் பிலிப்பைன்ஸ்காரரும் உக்ரைன்காரரும் உன்னோடு நிற்பார்கள், அங்கே ஸ்டார்போர்ட்தான். எங்கள் ஊர் நாட்டுப்படகான வல்லத்தில் ஏறினால் அணியத்துக்குப் போ என்பார்கள், போ. இதில் பஞ்சாயத்துக்கு என்ன இருக்கிறது?

மே 21, 2023

கடைசியாக வந்த கேள்வி: "எஞ்சின் விசிறியில் ஷியர் பின் உடைந்துகொண்டே இருக்கிறது. இரும்பாணியை வெட்டிப் போட்டுவிட்டேன், இப்போது உடைவதில்லை. ஏதாவது கெடுதல் உண்டா?"

உண்டு, உடனே கழற்று. அந்தப் பின் உடைவதற்காகவே மெத்தென்ற உலோகத்தில் செய்தது. விசிறி பாறையிலோ கட்டையிலோ அடித்தால் பின் மட்டும் அறுந்து, தண்டும் கியரும் தப்பிக்கும். இரும்பாணி அறுபடாது, அடி நேரே கியருக்குப் போகும். கரைக்கு நடுவழியில் கியர் பல் உதிர்ந்தால் துடுப்புதான் கதி.

அடிக்கடி அறுபடுகிறது என்றால் காரணம் வேறு. வலைக்கயிறு தண்டில் சுற்றியிருக்கிறதா பார், பின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா பார். எஞ்சின் கம்பெனி அளவிலேயே இரண்டு மூன்று பின் வாங்கி, மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வை. கூடவே ஒரு பிளையரும் வேண்டும், உப்புப் பிடித்த கொட்டர் பின் கையால் வராது.